அலகு நாற்பத்தெட்டில் இயங்கிவரும் பள்ளி

அலுவலகத்தில் எல்லோரும் அவரை ‘நகல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக உறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவனுக்கு ‘அசல்’ என்றா பெயர் வைப்பார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரிப்பதற்குள் முந்திக்கொள்வது அவர் பழக்கம்.

அவருடைய பிரிவின் வேலை இதுதான். நாட்டு மக்களுக்குப் படிப்பு, வீடு, வேலை, மருத்துவம் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கண்காணிக்க, கடல் தாண்டி எங்கேயோ ஒரு பன்னாட்டுக் குழு இருக்கிறது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு என்று அதற்கு வாய் கொள்ளாத பெயர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கம் அதற்கு அறிக்கை அனுப்ப வேண்டும். குழு படித்துவிட்டுக் கேள்வி கேட்கும். அரசாங்கம் எழுத்தில் பதில் சொல்லும். பிறகு நேரில் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடியும் கேட்கும். மாமியார் வீட்டில் புது மாப்பிள்ளையை விசாரிப்பது போல மரியாதையாகத்தான் கேட்கும்; ஆனால் விடாது.

அறிக்கை தயாரிப்பதற்கு ஒரு முறை உண்டு. போன தடவை அனுப்பியதைத் திறக்க வேண்டும். வருடத்தை மாற்ற வேண்டும். ‘திட்டமிடப்பட்டுள்ளது’ என்று இருந்தால் ‘செயல்படுத்தப்பட்டு வருகிறது’ என்று ஆக்க வேண்டும். கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் ஐந்து சதவீதம் ஏற்ற வேண்டும். நோய், பட்டினி மாதிரிக் குறைய வேண்டிய எண்ணாக இருந்தால் ஐந்து சதவீதம் இறக்க வேண்டும். எது ஏறுமுகம், எது இறங்குமுகம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் நகல். அந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டு நான்கு அறிக்கைகளை ஓட்டிவிட்டார்.

இந்த வருடத்துக் கேள்விப் பட்டியல் வந்த அன்று துணைச் செயலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். துணைச் செயலாளருக்குப் பிரிவில் ‘கமா மேடம்’ என்று பெயர். அவர் எழுதும் வாக்கியத்தில் முற்றுப்புள்ளி வருவதற்குள் படிக்கிறவர் எழுந்து போய்க் கைகால் கழுவிவிட்டு வரலாம். கெட்டவர் இல்லை. முற்றுப்புள்ளி வைத்தால் யாராவது எதிர்க்கேள்வி கேட்டுவிடுவார்கள் என்ற பயம், அவ்வளவுதான்.

“பதினேழாவது கேள்வியப் படிங்க” என்றார் கமா மேடம்.

நகல் படித்தார். ‘அலகு 48 குடியிருப்பில் தொடக்கப்பள்ளி இயங்கி வருவதாகவும், 265 மாணவர்கள் பயில்வதாகவும், ஒரு பிள்ளைகூடப் படிப்பை இடையில் நிறுத்தவில்லை என்றும் அரசின் அறிக்கை கூறுகிறது. சென்ற முறை இக்குழு அதைப் பாராட்டியும் உள்ளது. அங்கே பள்ளியே இல்லை என்று குடியிருப்போர் சார்பில் ஒரு வழக்கறிஞர் இப்போது எழுதியிருக்கிறார். வகுப்பறைகள் எத்தனை, ஆசிரியர்கள் யார் என்று தெரிவிக்கவும். புகைப்படம் இருந்தால் நலம்.’

“இந்த 265 எங்கேருந்து வந்துது?”

“போன அறிக்கைல 252 இருந்துது மேடம்.”

“அது எங்கேருந்து வந்துது?”

“அதுக்கு முந்தினதுல 240.”

“அது?”

நகல் மின்விசிறியைப் பார்த்தார். அது அவருக்கு உதவவில்லை.

கல்வித் துறையைக் கேட்டு எழுதினார்கள். அன்று மாலையே பதில் வந்தது. அப்பள்ளியின் விவரங்கள் தங்கள் பிரிவின் அறிக்கையைப் பார்த்தே எங்கள் பள்ளிப் பட்டியலில் சேர்க்கப்பட்டன, கூடுதல் தகவலுக்குத் தங்கள் பிரிவையே அணுகவும் என்று இருந்தது. கமா மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.

“நம்ம முதுக நாமளே பார்த்துட்டு வர அனுப்பியிருக்காங்க” என்றார்.

அந்த வார விடுமுறையில் நகல் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை அவருக்குப் பத்து வயது இளையவள். துணி ஆலையில் வெட்டுப் பிரிவில், இரண்டாவது ஷிப்டில் வேலை. கணவன் வெளியூரில் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒருதரம் வருகிறவன். ஒரே பெண். அந்தப் பெண்ணை வீட்டில் எல்லோரும் ‘வாலு’ என்பார்கள். ஐந்து நிமிடம் அவளோடு இருந்தால் காரணம் விளங்கிவிடும். குடியிருப்பு கால்வாயை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் பம்ப் அறை, மறுபக்கம் முள்வேலி போட்ட காலி மனை, நடுவே தகர வீடுகள். ஊரில் எல்லோருக்கும் அது கால்வாய்க்கரை.

செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை ஒரு சீட்டை நீட்டினாள்.

“படி. நீதான கவர்மெண்ட் பாஷை தெரிஞ்சவன்.”

நகரப் பள்ளியின் முத்திரை குத்திய சீட்டு. ‘மாணவி வசிக்கும் அலகு 48-ல் தொடக்கப்பள்ளி இயங்கி வருவதால் இப்பள்ளியில் சேர்க்க இயலாது.’

நகலின் கை, சீட்டோடு அப்படியே நின்றது. இந்தத் தெருவுக்கு எத்தனை தடவை வந்திருக்கிறார். இந்த வாசலில் எத்தனை தடவை தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அலகு 48 என்று எத்தனை தடவை அடித்திருக்கிறார். இரண்டும் ஒன்று என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் மூளை குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல தட்டச்சர் இலக்கணம். அவர் மிக நல்ல தட்டச்சர்.

“இது ரெண்டாவது வருஷம்” என்றாள் தங்கை. “போன வருஷமும் இதையேதான் சொன்னாங்க. இங்க எங்கம்மா பள்ளிக்கூடம் இருக்குன்னு கேட்டா, லிஸ்ட்ல இருக்குங்கறாங்க. ஒரு வக்கீலம்மா வீடு வீடா வந்து விசாரிச்சாங்க. இருந்த ஆத்திரத்துல எல்லாத்தையும் கொட்டினேன். அதுவும் என்னாச்சுன்னு தெரியல.”

என்ன ஆயிற்று என்று நகலுக்குத் தெரியும். பதினேழாவது கேள்வி ஆயிற்று.

“இன்னும் ரெண்டு மாசத்துல இவளுக்கு ஏழு முடியுது. ஏழு முடிஞ்சா ஒண்ணாம் வகுப்புல சேர்க்க முடியாதாம், சட்டமாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, என் கூட வந்து நூல் வெட்டுவா.”

“எனக்கு இப்பவே வெட்டத் தெரியும் மாமா” என்றாள் வாலு. இல்லாத கத்தரிக்கோலை இரண்டு விரலால் திறந்து மூடிக் காட்டினாள். சரியாகத்தான் வெட்டினாள்.

மறுநாள் நகல் ஆவண அறைக்குள் நுழைந்தார். பத்து வருடத்துக்கு முந்தைய அறிக்கையின் வரைவைத் தேடி எடுக்கத் தும்மலோடு தும்மலாக ஒரு முழு முற்பகல் ஆனது. அட்டவணை பன்னிரண்டு. அவர் கையாலேயே பென்சில் குறிகள்.

அந்த வருடம் குழு புதிதாக ஒரு விதி கொண்டுவந்திருந்தது. அறிக்கை இத்தனை பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் முடிந்து பார்த்தால் அட்டவணை பன்னிரண்டு இரண்டு வரி பிதுங்கியது. நகல் உற்றுப் பார்த்தார். ‘அலகு 48, தொடக்கப்பள்ளி’ என்ற வரிக்கு எதிரே கட்டங்கள் எல்லாம் காலி. பள்ளி அப்போது வெறும் யோசனையாக இருந்தது. காலிக் கட்டம் எதற்கு இடத்தை அடைக்கிறது என்று அவற்றை அழித்தார். அழித்ததும் கீழ் வரியில் இருந்த எண்கள் சமர்த்தாக ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. கீழ் வரி, அதே அலகின் கால்நடை மருந்தகம். வருகை 240. பணியாளர் இருவர். இழப்பு பூஜ்யம்.

அதாவது அந்த வருடம் மருந்தகத்துக்கு 240 மாடுகள் வந்தன; ஒன்றுகூடச் சாகவில்லை. எண்ணை இழந்து மொட்டையாக நின்ற மருந்தகத்துக்கு ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று அடித்து, பக்கத்தை அடக்கி, அன்று நகல் எல்லோரிடமும் சபாஷ் வாங்கியிருந்தார்.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரு பிள்ளையும் இடையில் நிற்காத பள்ளி. உலகமே பாராட்டிய மாடுகள். பிறகு வாலுவின் இரண்டு விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று மதியமே, தங்கை ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள், கால்வாய்க்கரைக்குப் போய் நின்றார். சொல்ல வேண்டியதை வாசலிலேயே சொன்னார். அவர் பாணியில் முந்திக்கொண்டு தன்னையே இரண்டு கிண்டல் செய்துபார்த்தார். எடுபடவில்லை.

தங்கை சுவரில் சாய்ந்தபடி கேட்டாள். பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரம்மா பெட்டியைத் தூக்கிய கையோடு கேட்டாள்.

“அப்ப என் பொண்ணு இடத்துல மாடு உட்கார்ந்திருக்கு.”

“ஆமா.”

“பத்து வருஷமா.”

“ஆமா. வருஷம் தப்பாம அஞ்சு சதவீதம் வளர்த்து வேற விட்டிருக்கேன். வருஷம்னா, அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம்.”

“சிரிப்புக் காட்டாத அண்ணா. கையில கத்தரி இருக்கு.”

உண்மையிலேயே இருந்தது. நகல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். தங்கை அழுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். அவள் அழவில்லை. துணியை வெட்டுமுன் எங்கே கத்தரி வைக்கலாம் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வையோடு நின்றாள்.

“அந்தப் பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னு போட்டிருக்க?”

“பம்ப் அறைக்கு எதிர்ல. அந்தக் காலி மனை.”

“எத்தனை மணிக்குத் திறக்கும்?”

“பட்டியல்ல ஒன்பதரைன்னு இருக்கு.”

“டீச்சர்?”

“ரெண்டு பேர்.”

“சரி.” கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். “அரசாங்கம் உலகத்துக்கே சொல்லியிருக்கு, இங்க பள்ளிக்கூடம் நடக்குதுன்னு. நாமதான் பத்து வருஷமா பிள்ளைய அனுப்பாம இருந்திருக்கோம். தப்பு நம்மளுதுதான். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு என் பொண்ணு அங்க இருப்பா.”

“என் பேரனுங்க ரெண்டும் சும்மாதான் கிடக்குதுங்க” என்றாள் இஸ்திரிக்காரம்மா. “மாட்டுக்குப் பதிலா அதுங்க உட்காரட்டும்.”

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு எழுபத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். இத்தனை பிள்ளைகள் இந்தத் தெருவில் பள்ளிக்குப் போகாமல் இருந்தார்களா என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே ஆச்சரியம். முள்வேலியைப் பெண்கள் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். ஆலையிலிருந்து வந்த பழைய அட்டைகள்தான் பலகை. மருந்துக் கடையில் சாயங்கால வேலை பார்க்கும் ஒரு அக்கா பள்ளி இறுதிவரை படித்தவள். அவள் ஒரு டீச்சர். ஷிப்டுக்குப் போகும்வரை தங்கை இன்னொரு டீச்சர். கணக்கு சரியாக வந்துவிட்டது.

நகல் கொண்டுவந்தது ஒரு வருகைப் பதிவேடு. கெட்டி அட்டை, நீலக் கோடு, அலுவலக அலமாரியில் கிடந்தது. இருபத்திரண்டு வருட சேவையில் அவர் எடுத்த ஒரே திருட்டுப் பொருள் என்பதால் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து வயிற்றில் நீலம் ஒட்டிக்கொண்டது. முதல் பக்கத்தில் தேதி போட்டு, பிறந்த நாளைக் கேட்டுக் கேட்டு, எழுபத்தொரு பெயரையும் எழுதினார். வாலுவின் அசல் பெயர் முதலாவதாக வந்தது. அகர வரிசைப்படி இல்லை. அவள் இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் நின்றாள்.

“265-ல 71 போனா மிச்சம்?” என்றாள் தங்கை.

“நூத்தித் தொண்ணூத்தி நாலு.”

“அதுங்களும் வந்தா சொல்லு. கட்டறதுக்கு இடம் பார்க்கலாம்.”

மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். வேலி எங்கே, கூட்டம் எதற்கு, யார் அனுமதி என்று கேட்டார்.

“பள்ளிக்கூடங்க” என்றாள் தங்கை. “பத்து வருஷமா நடக்குது. நீங்கதான் லேட்டா வந்திருக்கீங்க.” கல்வித் துறைப் பட்டியலின் பிரதியை நீட்டினாள். அவள் அண்ணன் எதற்குப் பயன்படுவார், பிரதி எடுக்கத்தானே.

போலீஸ்காரர் படித்தார். நிலையத்துக்குப் போன் போட்டார். நிலையம் கல்வித் துறைக்குப் போட்டது. பட்டியலில் இருக்கிற பள்ளியை மூட வேண்டுமென்றால் மூடும் உத்தரவு வேண்டும், மூடும் உத்தரவு போட வேண்டுமென்றால் திறந்த உத்தரவின் எண் வேண்டும், திறந்த உத்தரவைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“வெயில் ஏறுது. அந்தப் பக்கம் நிழல் இருக்கு, அங்க உட்கார வைங்கம்மா” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

ஒன்பதாம் நாள் கமா மேடமே வந்தார், ஒரு புகைப்படக்காரரோடு. மேடம் முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம். பதினேழாவது கேள்விக்குப் பதில் தானாக முளைத்து, அட்டையில் அ, ஆ எழுதிக்கொண்டிருக்கிறதே. படம் எடுத்து அனுப்பினால் தீர்ந்தது.

தங்கை கேமராவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தாராளமா எடுங்க மேடம். ஆனா ரெண்டு டீச்சர்னு போட்டிருக்கீங்களே, அவங்க நடுவுல நிக்கணும். பின்னாடி கட்டடம் தெரியணும். இல்லாத பள்ளிக்கூடத்த எங்கள வெச்சுப் படம் எடுக்காதீங்க.”

“நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க, இது உங்க நல்லதுக்குத்தான், அரசாங்கமும், நீங்களும், சேர்ந்து…”

வாலு எழுந்து வந்து மேடத்தின் கைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். “நீங்கதான் அரசாங்க டீச்சரா?”

மேடம் பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டார்.

“இவ்ளோ நாள் எங்க போயிருந்தீங்க?”

புகைப்படக்காரர் கேமராவைப் பைக்குள் வைத்தார். மேடம் அந்த அட்டைகளை மிதிக்காமல் சுற்றிப் போய், வந்த காரிலேயே திரும்பினார். ஆனால் மறுநாள் வரைவு வந்துவிட்டது. பயம் என்பது ஒரு பிள்ளையின் கேள்வியால் ஒரே நாளில் போகிற சமாசாரமா?

‘அலகு 48-ல், சமூகப் பங்கேற்புடன், திறந்தவெளிக் கற்றல் முறையில், பள்ளியானது, சிறப்பாக இயங்கி வருகிறது, மேலும்…’

நகல் அதை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். விரல்களை வைத்தார். எடுத்தார். எழுந்து மேடத்தின் அறைக்குப் போனார்.

“இத நான் அடிக்க மாட்டேன் மேடம்.”

“என்ன சொன்னீங்க?”

“அடிக்க மாட்டேன்னு சொன்னேன்.” கொண்டுவந்த வரைவை மேசை மேல் வைத்தார். “பள்ளிக்கூட வரில மாட்டு எண்ணிக்கைய அடிச்சது தெரியாம பண்ணின தப்பு. இத அடிச்சா அது தெரிஞ்சே பண்றது. அந்தப் பிள்ளைங்கள்ல ஒரு பொண்ணு என்னை மாமான்னு கூப்பிடுது.”

“உங்க வேலைக்கு ஆபத்து வரும். தெரியுமில்ல?”

“தெரியும் மேடம். பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் அடிக்க மாட்டேன்.”

வேறு ஒருவர் அடித்தார். பதில் போய்விட்டது.

நகல் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரே ஒரு பக்கம் எழுதினார். பார்த்து அடிக்க எதுவும் இல்லாமல் அவர் எழுதிய முதல் பக்கம். நான்கு வரிக்கு ஒருதரம் போன அறிக்கையைத் திறக்கக் கை போனது. அட்டவணை பன்னிரண்டு, காலிக் கட்டம், மேலே ஏறிய மாடுகள், பணியாளர் இருவர், எழுபத்தொரு பிள்ளைகள். ‘இந்தத் தவறைச் செய்தவன் நான். இதைத் திருத்தாமல் வைத்திருப்பது நான் மட்டும் இல்லை’ என்று முடித்து, அடையாள அட்டையில் உறங்கிய பெயரை எழுப்பிக் கையெழுத்தாகப் போட்டார். பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்தார். வக்கீலம்மாவிடம் கொடுத்தார். அவள் அன்றைக்கே குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

குழு கூடிய நாளில் அங்கே காலை, இங்கே பிற்பகல். அந்த மண்டபத்தில் நடப்பதை யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். கால்வாய்க்கரையில் ஒரு போனைச் சுற்றி நாற்பது தலை. தங்கை ஷிப்டுக்கு லீவு போட்டிருந்தாள். திரையில் கட்டைவிரல் அளவுக்குக் கமா மேடம் தெரிந்தார். எதிரே குழுவின் உறுப்பினர்கள். அவர்கள் பேசுவதை ஒரு மொழிபெயர்ப்பாளர் குரல் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண் உறுப்பினர் இரண்டு தாள்களைத் தூக்கிக் காட்டினார். “இது உங்கள் பதில். இது உங்கள் தட்டச்சர் ஒருவர் கையெழுத்திட்டு எழுதியது. இரண்டும் ஒரே பள்ளியைப் பற்றியவை. எனக்கு நீண்ட பதில் வேண்டாம். அங்கே பள்ளி இருக்கிறதா?”

கமா மேடம் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். இன்னொரு தாளைப் புரட்டினார். இஸ்திரிக்காரம்மா “தேடறா பாரு” என்றாள். பக்கத்தில் இருந்த அதிகாரி ஏதோ கிசுகிசுத்தார். மேடம் தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

“கட்டடம் இல்லை. ஆசிரியர் இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுபத்தொரு பேர். பதிவேடும் இருக்கிறது.”

நகல் எண்ணினார். ஐந்து முற்றுப்புள்ளி.

உறுப்பினர் கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டார். “நன்றி. கட்டடம் எப்போது வந்தது, ஆசிரியர்கள் எப்போது வந்தார்கள் என்பதை ஒரு வருடத்துக்குள் எழுதி அனுப்புங்கள். நாங்கள் கேட்போம்.” அடுத்த கேள்வி மருத்துவமனைப் படுக்கைகளுக்குத் தாவியது.

“அவ்ளோதானா?” என்றாள் இஸ்திரிக்காரம்மா.

“அவ்ளோதான்க்கா” என்றாள் தங்கை. “அவங்க கேட்பாங்க. செய்ய வைக்கிறது நம்ம வேலை.”

நகலுக்கு மாற்றல் உத்தரவு ஒரு வாரத்தில் வந்தது. வேலை போகவில்லை, கால்நடை மருந்தகத்துக்கு எழுத்தராகப் போகச் சொன்னார்கள். அதே மருந்தகம். மேலிடத்தில் யாருக்கோ நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அங்கே போனதும் முதல் வேலையாகப் பழைய வருகை ஏட்டைப் பார்த்தார். பத்து வருடத்துக்கு முந்தைய 240-ம் தப்பு. அங்கே யாரும் மாடுகளை எண்ணியதே இல்லை. அதற்கும் முந்தைய வருடத்து ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

நடுவில் வாலுவுக்கு ஏழு முடிந்தது. தங்கை யாரிடமும் சொல்லவில்லை. வாலு எல்லோரிடமும் சொன்னாள்.

பள்ளியின் ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் லாரி வந்தது. காலி மனையில் முந்தின வாரமே தகரக் கொட்டகை எழுந்திருந்தது. லாரியிலிருந்து பெஞ்சுகள் இறங்கின. பின்னால் வந்த காரிலிருந்து கல்வி அலுவலரும், ஒல்லியாக ஓர் ஆசிரியையும் இறங்கினார்கள். அலுவலர் கையில் சிவப்பு ரிப்பன், கத்தரிக்கோல், புத்தம்புது வருகைப் பதிவேடு. நகல் மருந்தகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்; சட்டையில் மருந்தும் மாடும் சேர்ந்த வாசனை.

“இன்னிக்குத் திறப்பு விழா” என்றார் அலுவலர். “எல்லாப் பிள்ளைங்க பேரும் இன்னிக்குத் தேதி போட்டு இதுல ஏத்தணும். பிறந்த சான்று கொண்டு வாங்க.”

தங்கை அந்தப் புதுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். நிதானமாக மூடினாள்.

“இன்னிக்குத் தேதில போட்டா ஏழு முடிஞ்ச பிள்ளைங்க?”

“அது விதிம்மா. இந்த ரெண்டு மாசத்துல ஏழு முடிஞ்சவங்க பன்னிரண்டு பேர் வராங்க. வருத்தமாத்தான் இருக்கு. நான் என்ன பண்றது?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பதிவேடு ஏற்கெனவே இருக்கு.” நீலக் கோடு போட்டதை எடுத்து நீட்டினாள். “ஐம்பத்தோரு நாள் ஓடியிருக்கு. இன்னிக்கு ஐம்பத்திரண்டு. இதுல தொடர்ந்து எழுதச் சொல்லுங்க.”

“அது நீங்களா எழுதினதும்மா. அது செல்லாது.”

நகல் முன்னால் வந்தார்.

“சார், குழு முன்னாடி துணைச் செயலாளர் சொன்னது நடவடிக்கைக் குறிப்புல ஏறியாச்சு. பிள்ளைங்க எழுபத்தொரு பேர், பதிவேடு இருக்குன்னு. அந்தப் பதிவேடு செல்லாதுன்னா, அரசாங்கம் அங்க பொய் சொல்லிச்சுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அடுத்த வருஷம் அவங்க மறுபடி கேட்பாங்க. யார் எழுதினதுன்னும் கேட்பாங்க.”

“நீங்க யாரு?”

“மாட்டாஸ்பத்திரி எழுத்தர் சார்.”

அலுவலர் தள்ளிப் போய்ப் போனில் பேசினார். எதிர்முனையில் கமா மேடம் என்பது அவர் ‘மேடம், மேடம்’ என்றதில் தெரிந்தது. அவர் நீளமாகக் கேட்டார். பதில் சின்னதாக வந்திருக்க வேண்டும். சட்டென்று திரும்பி வந்துவிட்டார்.

“பழைய பதிவேட்டையே வெச்சுக்கலாம்” என்றார். பெருந்தன்மையாகச் சொல்ல முயன்றார். “சரி, ரிப்பனையாவது கட்டுங்க.”

“ரிப்பன் எதுக்குங்க?” என்றாள் தங்கை. “உங்க பட்டியல்படி பத்து வருஷமா நடக்கற பள்ளிக்கூடம். அதுக்கு இன்னிக்குத் திறப்பு விழாவா? வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.”

“கத்தரி நல்லா இருக்கு” என்றாள் இஸ்திரிக்காரம்மா. “அத மட்டும் வெச்சிட்டுப் போங்க, அட்டை வெட்ட ஆகும்.”

அலுவலர் ரிப்பனைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனார். ஆசிரியர் இன்னொருவர் எப்போது வருவார் என்று தங்கை கேட்டது காரின் கதவுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அதை அவள் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வைத்துக்கொண்டாள்.

புது ஆசிரியை கொட்டகைக்குள் வந்தாள். முதல் நாள் என்பதால் கையில் சாக்பீஸ் உடைந்தது. நீலக் கோட்டுப் பதிவேட்டைத் திறந்து, ஐம்பத்தோராம் கட்டம்வரை நிரம்பியிருந்த பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஐம்பத்திரண்டாம் கட்டத்தில் பேனாவை வைத்து முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

பெஞ்சில் உட்காரச் சொன்னது மறந்து, பெஞ்சு மேலேயே ஏறி நின்றிருந்த வாலு, கால்வாயின் அக்கரைக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

“உள்ளேன் டீச்சர்.”